அழிந்தது என்றார்கள், ஒளிந்திருந்தது: சிம் லிம் ஸ்கொயரில் ஒரு பழுதுபார்ப்புக் கடை

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார். கடையில் மொத்தம் இரண்டு பேர்தான், இப்போது வரும் வேலையே அவர்களுக்குச் சரியாக இருக்கிறதாம். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயர் கட்டடத்தின் மேல்மாடிகளில் ஒன்றில், கண்ணாடிக்குப் பின்னால் பழைய ஃப்ளாப்பி வட்டுகளைக் கொலு மாதிரி அடுக்கி வைத்திருக்கும் சின்னக் கடை. தேடிப் போகிறவர்களுக்கு அந்த ஃப்ளாப்பிகளே போதும்.

நான் வுட்லண்ட்ஸில் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் தொடக்கநிலை ஆறு பிள்ளைகள் வாய்மொழித் தேர்வுக்குப் பேசிப் பழகும்போது பதிவு செய்து, ஆண்டு வாரியாக ஒரு தம்ப் டிரைவில் (பென் டிரைவ்) வைத்திருப்பேன். பயிற்சித்தாள்களும் அதிலேதான். படித்துப் பெரியவர்களான பிள்ளைகள் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் அவர்கள் பன்னிரண்டு வயதில் பேசியதைப் போட்டுக் காட்டுவேன். தேசிய சேவை முடித்த பையன் ஒருவன் 'ழ'கரம் வராமல் தடுமாறிய தன் பழைய குரலைக் கேட்டுவிட்டு, அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனான். எனக்கு இதெல்லாம் சொத்து.

ஜூலை கடைசியில், பயிற்சித்தாள் அச்சடிக்க அந்தத் தம்ப் டிரைவையே ஓர் அச்சுக் கடைக்குக் கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் சொருகியபோது எல்லா ஃபோல்டர்களின் ஓரத்திலும் ஒரு சின்ன வளைந்த அம்பு இருந்தது. 'வாய்மொழி 2016' என்பதை அழுத்தினேன். திறந்தது, உள்ளே எல்லாம் இருந்தது. சரி, ஏதோ புது வடிவம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து மகனின் கணினியில் சொருகினால், அங்கிருந்த ஆன்டிவைரஸ் சிவப்பு எழுத்தில் எதையெதையோ நீக்கியதாகச் சொன்னது. பிறகு பார்த்தால் தம்ப் டிரைவில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளைத் திரை.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். அங்கிருந்தவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வைரஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டது, மீட்டெடுக்க 380 வெள்ளி ஆகும், அதுவும் உறுதி இல்லை, மடிக்கணினியையும் ஃபார்மட் செய்துவிடுங்கள் என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மாணவியின் அப்பாதான் சிம் லிம்மில் இருக்கும் இந்த அண்ணனைப் பற்றிச் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். வுட்லண்ட்ஸிலிருந்து தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயிலில் ஸ்டீவன்ஸ், அங்கே டௌன்டவுன் பாதைக்கு மாறினால் ரோச்சோர். நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். தம்ப் டிரைவை வாங்கிச் சொருகி, அதன் கொள்ளளவைக் காட்டும் பட்டையைத் திறந்து என் பக்கம் திருப்பினார். 32 ஜிபியில் ஏறக்குறைய 19 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டியது.

"டீச்சர், காலியா இருக்குன்னா இந்தப் பத்தொன்பது ஜிபி யாரோடது?"

அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதி உயிர் வந்தது. இந்தப் பட்டையை அந்த முதல் கடைக்காரரும் பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலைதான்.

அண்ணன் அந்தத் தம்ப் டிரைவை விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் ஒரு பழைய கணினிக்கு மாற்றினார். விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் அங்கே ஓடாது, விண்டோஸ் மறைக்கும் கோப்புகளை அது மறைக்கவும் செய்யாது. திரையில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றெழுத்து. அதைத் திறந்தார். 2011, 2012, 2013 என்று என் ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை.

நடந்தது இதுதான். இந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதே இல்லை. எல்லாவற்றையும் ஒரு மறைவு ஃபோல்டருக்குள் தள்ளி, அதன் மேல் 'மறைக்கப்பட்டது', 'கணினிக்குரியது' என்று இரண்டு முத்திரைகளையும் குத்திவிடும். இரண்டும் சேர்ந்தால் விண்டோஸ் சாதாரணமாக அதை நம் கண்ணில் காட்டாது. பிறகு அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகளை, அதாவது அழுத்தினால் வேறொன்றைத் திறக்கும் குறிகளை, செய்து வெளியே வைக்கும். நான் பார்த்த வளைந்த அம்பு ஷார்ட்கட்டின் அடையாளம்தான். நாம் 'வாய்மொழி 2016' என்று நினைத்து அழுத்தினால் முதலில் ஓடுவது அதன் நிரல். அது கணினிக்குள் குடியேறிய பிறகு, நமக்குச் சந்தேகம் வராமலிருக்க உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடும். அன்று எனக்கு எல்லாம் ஒழுங்காகத் திறந்ததற்குக் காரணம் அதுதான். மகனின் ஆன்டிவைரஸ் அந்தப் போலி ஷார்ட்கட்டுகளை மட்டும் சரியாகப் பிடித்து நீக்கியிருக்கிறது. வாசலில் நின்ற பொம்மைகள் போனதும் வீடே காலியாகிவிட்டது போல் தெரிந்திருக்கிறது.

கோப்புகளை ஒரு புது வட்டில் பிரதியெடுத்துவிட்டுத்தான் அண்ணன் மற்ற வேலையைத் தொட்டார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். தம்ப் டிரைவை மட்டும் துடைத்துக் கொடுத்தால் நாளைக்கே மறுபடி வந்து நிற்பீர்கள், ஏனென்றால் அது உங்கள் மடிக்கணினிக்குள்ளும் இருக்கிறது, எதைச் சொருகினாலும் அதில் தன்னைப் பிரதி எடுத்துவிடும் என்றார். மடிக்கணினியும் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. கணினி எழும்போது தானாக ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்து காட்டினார். எனக்குத் தெரிந்த பெயர்களுக்கு நடுவே அர்த்தமில்லாத எழுத்துகளால் ஆன ஒரு வரி. அதுதான் ஆள்.

மூன்று நாள் கேட்டார். மடிக்கணினியைத் திரும்ப வாங்கப் போன அன்று கூட்டம் இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். இந்தக் கடையைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். என்னென்ன வகை வைரஸ் உண்டு, எது எப்படி நுழைகிறது என்று இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஃப்ளாப்பிகளில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். ஐந்தேகால் அங்குலம், தாள் மாதிரி வளைகிறது. 1986ல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் எழுதிய 'பிரெயின்' இப்படிப்பட்ட வட்டுகளில்தான் ஊர் ஊராகப் போனது. ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் அது. வட்டின் முதல் பகுதியைத்தான் கணினி எழும்போது முதலில் படிக்கும். அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சகோதரர்கள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் உள்ளேயே எழுதி, தடுப்பு மருந்துக்கு எங்களை அணுகுங்கள் என்றும் போட்டிருந்தார்கள். தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதியெடுப்பவர்களைப் பிடிக்கத்தான் செய்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அதற்கும் முன்னால் 1982ல், அமெரிக்காவில் பதினைந்து வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் ஆப்பிள் கணினிக்காக 'எல்க் குளோனர்' என்று ஒன்றை எழுதியிருக்கிறான். பாதிக்கப்பட்ட வட்டைக் கொண்டு ஐம்பதாவது முறை கணினியை எழுப்பினால் திரையில் ஒரு சின்னப் பாட்டு வரும். வேறு பெரிய தீங்கு இல்லை. என் மாணவர்களைவிட மூன்று வயதுதான் பெரியவன்!

அண்ணன் குரல் மாறியது 'சிஐஎச்' வைரஸ் பற்றிப் பேசியபோது. அது தாக்கிய நாள் 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. தைவான் மாணவர் ஒருவர் எழுதியது. நிரல் கோப்புகளில் இருக்கும் காலி இடைவெளிகளில் தன்னைத் துண்டு துண்டாகச் செருகிக்கொள்ளும், அதனால் கோப்பின் அளவு ஒரு பைட்கூடக் கூடாது. அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்தத் தேதி வந்ததும் வட்டின் தொடக்கப் பகுதியை அழித்துவிட்டு, கணினியை எழுப்பும் பயாஸ் சில்லின் மேலும் குப்பையை எழுதப் பார்க்கும். அதில் வெற்றி பெற்றால் பொத்தானை அழுத்தினாலும் கணினி எழாது. அன்று அவர் வேறொரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். மதியத்துக்குள் கணினிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள், சில்லைக் கழற்றி, மறுபடி எழுதி, மாட்டி என்று இரவு வரைக்கும் நடந்தது என்றார். "வன்பொருளையே கெடுக்கும்னு அன்னைக்குத்தான் டீச்சர் நம்புனோம்."

வைரஸ், வோர்ம், ட்ரோஜன் என்று மூன்று சொல்லையும் நான் ஒன்றாகவே நினைத்திருந்தேன். அண்ணன் பிரித்துச் சொன்னதை என் மாணவர்களுக்கு நான் சொல்லும் விதத்தில் எழுதுகிறேன். வைரஸ் மாமரத்துப் புல்லுருவி மாதிரி, ஒட்டிக்கொள்ள இன்னொரு கோப்பு வேண்டும். அந்தக் கோப்பை நாம் திறந்தால்தான் அதற்கு உயிர். வோர்முக்கு அந்தத் தயவு தேவையில்லை, வலைப்பின்னல் வழியாகத் தானே கூடுவிட்டுக் கூடு பாயும். ட்ரோஜன் பாய்வதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. சாமியார் வேஷத்தில் பிச்சை கேட்டு வந்த ராவணன் அது. இலவச விளையாட்டு, காசில்லாத மென்பொருள் என்று வாசலில் நிற்கும், கோட்டைத் தாண்டி நாமே போய்க் கூப்பிடுவோம். என்னைப் பிடித்தது இரண்டும் கலந்த வகை. தானாகப் பிரதி எடுத்துக்கொள்வதில் வோர்ம், ஃபோல்டர் வேஷம் போடுவதில் ராவணன்.

தம்ப் டிரைவைச் சொருகிய உடனேயே தானாக ஓடும் வசதி விண்டோஸில் முன்பு இருந்தது. 2008ல் கிளம்பிய 'கான்ஃபிக்கர்' அதையும் பயன்படுத்திப் பரவியது. பிறகு மைக்ரோசாஃப்ட் யுஎஸ்பிக்கு அந்த வசதியை நிறுத்தியது. தானாக ஓட வழியில்லாததால்தான் இப்போது வேஷம் போட்டு நம் விரலாலேயே அழுத்த வைக்கிறார்கள் என்றார் அண்ணன்.

வோர்மின் வேகம் என்னைத் திகைக்க வைத்தது. 2003 ஜனவரியில் வந்த 'ஸ்லாமர்' வெறும் 376 பைட். நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு கருத்தறிதல் பத்தியைவிடச் சின்னது. தொடக்கத்தில் எட்டரை வினாடிக்கு ஒரு முறை, பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை இரட்டிப்பானதாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட 'வான்னாக்ரை'க்கும் அதே கதை. திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகிவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டு என் மடிக்கணினியில் காத்துக் கிடந்த புதுப்பிப்புகளைத் திறந்து காட்டினார். வகுப்பு நடுவில் தொந்தரவாக இருக்கிறது என்று 'பிறகு நினைவூட்டு' என்பதையே மாதக்கணக்கில் அழுத்தி வந்திருக்கிறேன். இப்போது செவ்வாய் இரவு வகுப்பு முடிந்ததும் போட்டுவிடுகிறேன்.

எனக்கு நேரடியாகப் பயன்பட்டது வேர்டு கோப்புகள் பற்றி அவர் சொன்னது. ஆசிரியர்கள் நாங்கள் தேர்வுத்தாள்களை வேர்டில்தான் பரிமாறிக்கொள்கிறோம். வேர்டு கோப்புக்குள் மேக்ரோ என்ற சின்ன நிரல் இருக்க முடியும். 1999ல் 'மெலிசா' அப்படித்தான் வந்தது. கோப்பைத் திறந்தால் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிவிடும். தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம் என்பதால் அவர்களும் திறப்பார்கள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோவை 2022 முதல் வேர்டு தானாகவே தடுக்கிறது. இருந்தாலும், உள்ளடக்கத்தை அனுமதிக்கச் சொல்லி மேலே மஞ்சள் பட்டை வந்தால், அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் தொடக் கூடாது என்றார். தேர்வுத்தாளுக்கு எதற்கு மேக்ரோ?

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் வால் எழுத்துகளை (.docx, .pdf மாதிரி) விண்டோஸ் மறைத்து வைக்கிறது. அதைத் தெரியும்படி மாற்றிக் கொடுத்தார். 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பீன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' அந்த மறைவில்தான் பிழைத்தது. பார்ப்பதற்குச் சாதாரண எழுத்துக் கோப்பு, காதல் கடிதம் என்று பெயர். மறைந்திருந்த வால் அது நிரல் என்று சொன்னது. அந்த வாலைப் பார்த்திருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கென்றே உலகத்துக்குப் பொதுவாக ஒரு சோதனை வரி இருக்கிறது. 'ஐகார்' என்று பெயர், 68 எழுத்துகள்தான், ஒரு கெடுதலும் செய்யாது. அதை ஒரு கோப்பில் எழுதிச் சேமித்தார். அடுத்த நொடியே என் மடிக்கணினி அதைப் பிடித்து ஒதுக்கியது. தெரிந்த வைரஸ்களின் அங்க அடையாளத்தை வைத்துத்தான் முதலில் தேடும், ஆனால் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் உருவத்தை மாற்றிக்கொள்ளும் வகைகளும் இருப்பதால், ஒரு நிரல் எப்படி நடந்துகொள்கிறது என்றும் கவனிக்கும் என்றார். சில வகைகள் விண்டோஸுக்கு அடியிலேயே புகுந்து, தேடும் கண்ணையே ஏமாற்றும். அதனால்தான் விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் சோதனையையும் என் கணினியில் ஒரு முறை செய்திருக்கிறார். விண்டோஸோடு வரும் பாதுகாப்பே எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டார். காசு கொடுத்து வாங்க வேண்டிய எதையும் என் தலையில் கட்டவில்லை.

பணம் கேட்டுப் பூட்டும் வகை பற்றி அவர் நிறையச் சொன்னார், நான் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அது அந்த நேரத்தில் கணினியில் சொருகியிருக்கும் வட்டுகளையும் சேர்த்துப் பூட்டும். அதனால் பிரதியை எப்போதும் சொருகியே வைத்திருந்தால் அது பிரதியே இல்லை. ஒன்றைக் கழற்றி அலமாரியில் வையுங்கள், இன்னொன்றைத் தங்கச்சி வீட்டில் வையுங்கள் என்றார். வட்டை அவரிடமே வாங்க வேண்டும் என்றும் சொல்லவில்லை, கீழ்த்தளத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று அனுப்பினார்.

கிளம்பும்போது அம்மாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசியையும் காட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஃபேஸ்புக்கில் மலிவு விலையில் வீடு சுத்தம் செய்யும் சேவை, கடல் உணவு என்று விளம்பரம் பார்த்து, அனுப்பி வைக்கும் செயலியை இறக்கியதால் 2023ல் இங்கே பலர் வங்கிப் பணத்தை இழந்ததை நினைவுபடுத்தினார். அந்தச் செயலி, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்காக இருக்கும் அணுகல் அனுமதியைக் கேட்கும். கொடுத்துவிட்டால் திரையில் நாம் தட்டுவதையெல்லாம் அது படிக்கும், நமக்குப் பதிலாகத் தானே தட்டவும் செய்யும். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைக்கச் சொல்லி, அந்த எண்ணை அம்மாவின் கைப்பேசியில் அவரே சேமித்துக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. உட்கார இரண்டு முக்காலிதான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் கஷ்டம். தொலைபேசியை எடுப்பதே இல்லை, மூன்று நாளில் நான் ஐந்து முறை கூப்பிட்டேன். வேலை முடிந்ததைச் சொல்ல ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பியிருக்கலாம், தவிப்போடு காத்திருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். ரசீது கையெழுத்தில்தான். செய்த வேலையைப் பட்டியலாக எழுதித் தரக் கேட்டேன், வாயால் சொன்னதோடு சரி. சனிக்கிழமை போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது.

மொத்தம் 90 வெள்ளி. மடிக்கணினிக்கு 70, தம்ப் டிரைவுக்கு 20. பணம் வாங்குவதற்கு முன் ஏதாவது ஒரு பதிவைப் போட்டுப் பாருங்கள் என்றார். 2013ஐத் திறந்தேன். ஒரு பிள்ளை தன் பாட்டி சமைக்கும் இடியாப்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்ட பிறகே பணத்தைக் கொடுத்தேன்.

அந்த அச்சுக் கடையின் கணினியும் பாதிக்கப்பட்டுத்தான் இருக்கும், இல்லையென்றால் உங்களுக்கு வந்திருக்காது என்று சொல்லி, அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார் அண்ணன். கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையை நடத்தும் சீன ஆன்ட்டி முதலில் முகம் சுளித்தார், பிறகு வாங்கிப் படித்தார். அடுத்த வாரம் போனபோது அந்தக் கணினியில் வேறு விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நான் அச்சடிக்கக் கொண்டு போவது ஒரு தனித் தம்ப் டிரைவ், அதில் அன்றைக்குத் தேவையான ஒரே ஒரு பிடிஎஃப். பிள்ளைகளின் குரல்கள் வீட்டு அலமாரியில் ஒன்று, ஈசூனில் தங்கச்சி வீட்டில் ஒன்று.